பின்சீட்டுக்காக வாங்கிய வண்டி

நாற்பது வயது தாண்டிப் பெரிய பைக் வாங்குகிற ஆண்களைப் பற்றி ஊரில் எல்லாருக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு. தொப்பையை மறைக்கத் தோல் ஜாக்கெட் வாங்குவார்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டமாகக் கிளம்புவார்கள், எங்கேயோ போய் ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு அதே வழியில் திரும்பி வருவார்கள் என்று. என் மனைவியின் தம்பி என்னிடம் நேராகவே கேட்டான்: "மாமா, இந்த வயசுல யார்கிட்ட காட்டப் போறீங்க?"

யாரிடமும் காட்டுவதற்காக இல்லை. நான் அந்த வண்டியை வாங்கியது அதன் பின்சீட்டுக்காக. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். அதனால் சொல்வதை விட்டுவிட்டேன்.

எங்கள் வீடு மலேசியாவின் ஜொகூரில், கெலாங் பாத்தா பக்கத்தில், தாமான் என்கிற ஒரு குடியிருப்பில் இருக்கிறது. நானும் என் மனைவியும் வேலை செய்வது பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில், துவாஸில். நான் ஒரு கிடங்கில் ஸ்டோர் சூப்பர்வைசர். அவள் மருத்துவமனைக்கான ரப்பர் குழாய்கள் செய்யும் தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவு. தொழிற்சாலையின் பஸ் விடியுமுன்னே தாமான் முனைக்கு வந்து அவளை ஏற்றிக்கொண்டு போய்விடும். அதற்குப் பிறகு நான் எழுந்து என் கப்சாயில், அந்தச் சின்ன வண்டியில், கிளம்புவேன். சாயங்காலம் அவள் வந்து சமைத்து முடிக்கிற நேரத்துக்கு நான் ஓவர்டைம் முடித்து வந்து சேருவேன். மகனுக்கு டியூஷன், மகளுக்குப் பரீட்சை, கேஸ் தீர்ந்துபோச்சு, குழாயில் தண்ணீர் சொட்டுது. நாங்கள் பேசிக்கொண்டது இவ்வளவுதான். ஆளுக்கு ஒரு மூலையில் தூங்கிப்போவோம்.

இரண்டு பேரும் தினமும் ஒரே பாலத்தைத் தாண்டி ஒரே திசைக்குத்தான் போகிறோம். அவள் பஸ்ஸில், நான் பைக்கில். அவளுடைய தொழிற்சாலைக்கும் என் கிடங்குக்கும் நடுவில் நாலு சிக்னல்கூட இல்லை. இதை நினைக்க நினைக்க எனக்குப் பொறுக்கவில்லை. கல்யாணமான புதிதில் பின்னால் உட்கார்ந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டு குளுவாங் வரைக்கும் வந்தவள் அவள். காலையில் ஒரு மணி நேரம் அவள் என் பின்னால் இருந்தால் போதும், மிச்ச நாளை நான் பார்த்துக்கொள்வேன் என்று தோன்றிவிட்டது. வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

ஒரு நாள் கேட்டேன். அவள் வாசலில் நின்ற கப்சாயைப் பார்த்தாள். "அந்த சீட்டுல அவ்ளோ நேரம் உக்காந்தா இடுப்பு போயிரும்லா. நீங்க போங்க," என்றாள்.

சரி, பிரச்சினை சீட். சீட்தான் பிரச்சினை என்றால் சீட்டை மாற்றிவிட்டால் தீர்ந்தது. கிடங்கில் இத்தனை வருடம் வேலை செய்தவனுக்கு இப்படித்தான் யோசிக்க வரும்.

ஸ்போர்ட் டூரிங் என்று ஒரு வகை வண்டி இருக்கிறது. வேகமாகவும் போகும், தூரமாகவும் போகும். முன்னால் பெரிய கண்ணாடி, இரண்டு பக்கமும் பெட்டி, பின்னால் சாய்ந்துகொள்ள முதுகுத் திண்டு, நடுவில் ஒரு ஆள் சம்மணம் போடுகிற அளவுக்குச் சீட். புதிது எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாது. பழையது எட்டும். அதை ஓட்டப் பெரிய லைசென்ஸ் வேண்டும் என்பதால் முதலில் போய் அந்த டெஸ்ட்டை எடுத்தேன். ஒரு முறை எல்லார் முன்னாலும் வண்டியைச் சாய்த்துப் போட்டுவிட்டு, மறுமுறைதான் பாஸ் ஆனேன்.

பழைய வண்டி தேடுவது மனிதனுக்கு நல்லதில்லை. விற்கிறவர்கள் எல்லாரும் பேசிவைத்ததுபோல் "டிப் டாப் கண்டிஷன், பொஸ்" என்கிறார்கள். ஜொகூர் பாருவில் ஒருவன் காட்டிய வண்டி விழுந்து எழுந்தது. அடிச்சட்டத்தில் புதுச் சாயம் மினுமினுத்தது. "விழுந்ததா?" என்றால் "நின்னுக்கிட்டிருக்கும்போது சாஞ்சிருச்சு அண்ணே" என்றான். நின்றுகொண்டிருந்த வண்டிக்குக் கைப்பிடி எப்படி வளையும்? இன்னொருவன் காட்டிய பத்து வருட வண்டியின் மீட்டரில் ஒரே வருடம் ஓடிய வண்டியின் கிலோமீட்டர்தான் இருந்தது. கேட்டால், "நான் ஓட்டறதே இல்லண்ணே, தொடச்சு மட்டும் வைப்பேன்" என்றான். என் காதில் பூச்சுற்ற ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு புது ஆள் கிடைத்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் குளுவாங்கில் ஒரு சீனப் பெரியவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வண்டியைக் கார் நிறுத்துமிடத்தில் பழைய படுக்கை விரிப்பால் மூடி வைத்திருந்தார். தாய்லாந்து வரைக்கும் பல தடவை போய் வந்த வண்டி, இப்போது முட்டி ஒத்துழைக்கவில்லை என்றார். மலாயில்தான் பேசினோம். பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை. மச்சானையும் மனைவியையும் கூட அழைத்துப் போயிருந்தேன். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, மனைவியைப் பின்சீட்டில் ஏறி உட்காரச் சொன்னேன். ஏறினாள். முதுகைச் சாய்த்துப் பார்த்தாள்.

"எப்படி இருக்கு?"

"சோபா மாதிரி இருக்கு," என்றாள்.

அப்புறம் இன்ஜினைப் பார்த்ததெல்லாம் ஒப்புக்குத்தான். பெரியவர் எதையோ விளக்கிக்கொண்டிருந்தார், நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். மச்சான்தான் கையால் டயரை அழுத்திப் பார்த்து, "மாமா, ரப்பர் கல்லு மாதிரி இருக்கு" என்றான். டயர்தானே என்றேன்.

டயர் மட்டுமா. வருடக்கணக்கில் போர்வைக்குள் கிடந்த வண்டி. மேலே பளபள, உள்ளே எல்லாம் காய்ந்துபோயிருந்தது. பிரேக் எண்ணெய், பால் விடாத கோப்பி ஓ நிறத்தில் வந்தது. பேட்டரி ஒரு வாரம் நடித்துவிட்டுப் படுத்துக்கொண்டது. டயர் இரண்டும் மாற்றினேன். செயின், பிரேக் கட்டை, ஏதோ ஒரு ரப்பர் வளையம், அதைக் கழற்றும்போது உடைந்த வேறொரு ரப்பர் வளையம். இந்த வண்டிகளை மூடியிருக்கும் பிளாஸ்டிக் உடம்பு இருக்கிறதே, அதைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால் இரண்டு வார்த்தை கேட்பேன். கப்சாயில் எல்லாம் கண்முன்னே இருக்கும், குனிந்தால் தெரியும். இதில் ஒரு பல்பு மாற்ற ஒரு பக்கத் தோலை உரிக்க வேண்டும். அதைப் பிடித்திருக்கும் சின்னச் சின்னக் கிளிப்புகள் வயசாகி இற்றுப்போய், தொட்டால் உடையும். உடைந்தால் புதியது வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். வரும், தீபாவளிக்கு முன்னாலா பின்னாலா என்று யாருக்கும் தெரியாது.

எப்படியோ ஓடுகிற நிலைக்குக் கொண்டு வந்தேன். பூஜை போடாமல் ஏறமாட்டேன் என்றாள் மனைவி. அதிலென்ன தவறு, நானும் அப்படிப்பட்டவன்தான். முந்தின நாள் சாயங்காலம் உட்கார்ந்து அவளே மாலை கட்டினாள். மல்லிகையும் செவ்வந்தியும். பஞ்சு நூல் அறுந்து அறுந்து போகிறது என்று மீன்பிடிக் கயிறுபோல் ஒரு நைலான் நூலை எடுத்துக் கட்டினாள். கோயிலில் குருக்கள் விளக்கைச் சுற்றிச் சந்தனம் பூசி, இரண்டு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, மாலையை முன்விளக்குக்குக் கீழே தொங்கவிட்டார். அப்படியே வீட்டுக்கு ஓட்டி வந்தேன். வந்து பார்த்தால் பாதி மாலையைக் காணோம். காற்றில் பறந்துவிட்டது என்று நினைத்தோம். "சாமி எடுத்துக்கிட்டாரு," என்றாள் சந்தோஷமாக.

சாமி எடுத்துக்கொள்ளவில்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், யாரையும் காக்கவைத்து வேடிக்கை காட்ட எனக்கு விருப்பமில்லை. முன்சக்கரத்துக்குப் பின்னால் ரேடியேட்டர், அதற்குப் பின்னால் ஒரு விசிறி. வண்டி ஓடும்போது காற்றே இன்ஜினைக் குளிரவைக்கும். நிற்கும்போதும் ஊரும்போதும்தான் அந்த விசிறிக்கு வேலை. பறந்ததாக நாங்கள் நினைத்த பாதி மாலை, நைலான் நூலோடு உள்ளே போய் அந்த விசிறியின் கழுத்தில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. விசிறி முழுசாக நிற்கவும் இல்லை. முக்கி முக்கிச் சுற்றும். கொஞ்ச நேரத்தில் பியூஸ் போகும். இது எனக்குத் தெரிய மாதக்கணக்கானது. தெரியாமல் நான் பட்ட பாட்டைத்தான் சொல்ல வந்தேன்.

முதல் திங்கட்கிழமை. அவள் ஏறி உட்கார்ந்தாள். இரண்டு ஹெல்மெட்டுக்குள்ளும் பேசிக்கொள்ள இன்டர்காம் மாட்டியிருந்தேன். நெடுஞ்சாலையில் வண்டி எண்ணெய் விட்டதுபோல் வழுக்கிக்கொண்டு போனது. எனக்கு வாய் மூடவில்லை. வீட்டுக் கடனை மறுபடி எப்படிப் போடலாம், மகனை எந்தப் படிப்பில் சேர்க்கலாம், கூரையில் ஒழுகுகிற இடத்துக்கு யாரைக் கூப்பிடலாம், இத்தனை வருடம் நின்று பேச முடியாததையெல்லாம் பேசினேன். அவள் "ம்", "ம்" என்று என் காதுக்குள்ளேயே சொல்லிக் கேட்டுக்கொண்டு வந்தாள். இவ்வளவு பொறுமையாக அவள் என் பேச்சைக் கேட்டு எத்தனை வருடமாயிற்று! எனக்கு அப்படி ஒரு மகிழ்ச்சி.

சோதனைச் சாவடிக்கு முன்னால் பைக்குகள் தேங்கி நின்றன. காலையில் அங்கே போகாதவர்களுக்குச் சொன்னால் புரியாது. ஆயிரக்கணக்கான கப்சாய்கள் கைப்பிடியோடு கைப்பிடி உரச, காலால் தள்ளித் தள்ளி ஊரும். எல்லாரும் ஒல்லி வண்டி. என்னுடையது இரண்டு பக்கமும் பெட்டி வைத்த எருமை. தடுப்புக் கம்பிகளுக்கு நடுவே நுழைகிற இடத்தில் பெட்டி சிக்கியது. பின்னால் ஹாரன். ஒருவன் மலாயில் என் குடும்பத்தை விசாரித்தான். அதே நேரம் வெப்பத்தைக் காட்டுகிற ஊசி ஏற ஆரம்பித்தது. ஏறி, ஏறி, சிவப்பு விளக்கு எரிந்து, காய்ச்சிய சர்க்கரைபோல் ஒரு வாசனை. இன்ஜினை அணைத்துவிட்டேன். தள்ளவேண்டும். முந்நூறு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. என் மனைவி இறங்கி, சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஹெல்மெட்டோடு, பின்னாலிருந்து தள்ளினாள்.

அன்றைக்கு அவள் வேலைக்குத் தாமதம். அவளுடைய சூப்பர்வைசர் ஏதோ சொல்லியிருக்கிறார், பிறகுதான் எனக்குத் தெரிந்தது. என்னிடம் சொல்லவில்லை. "பரவால்ல, புது வண்டி, அப்படித்தான் இருக்கும்," என்றாள். புது வண்டியாம்.

பெட்டிகளைக் கழற்றி வீட்டில் போட்டேன். சூட்டுக்கு ஆள் தேடினேன். எங்கள் ஊர் போமன், கப்சாய் பழுது பார்க்கிறவர், வண்டியைப் பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டார். "பெரிய பைக் நான் தொடமாட்டேன் லா. பயம்." சரி, உண்மையைச் சொன்னாரே. ஜொகூர் பாருவில் பெரிய பைக் மட்டும் பார்க்கிற கடை ஒன்றுக்குக் கொண்டு போனேன். குளிர்சாதனம், கோப்பி மெஷின், சுவரில் பந்தய வண்டிப் படங்கள். முதலாளி என்னைவிட வயதில் சின்னவர், என்னை ஏதோ கத்துக்குட்டி என்றே பார்த்தார். குளிரவைக்கும் தண்ணீரை மாற்றினார். மூடியை மாற்றினார். தெர்மோஸ்டாட்டை மாற்றினார். பியூஸ் போயிருக்கிறது என்று அதையும் மாற்றி, விசிறியை ஓடவிட்டுக் காட்டினார். ஓடியது. "ஓகே ஆல்ரெடி," என்றார். மறுநாள் பாலத்தில் சிவப்பு விளக்கு.

திரும்பப் போனேன். விசிறியை நேராகப் பாருங்கள் என்றேன். அதற்கு இரண்டு பக்கமும் முழுசாகக் கழற்றவேண்டும், கிளிப் உடையும், உடைந்தால் என் பொறுப்பு என்றார். மறுபடி பியூஸ். மறுபடி "ஓகே ஆல்ரெடி". அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு மூக்கு சிவக்கிறது.

மச்சானின் சிநேகிதன் ஒருவன் கோத்தா திங்கியில் ஒரு மலாய்க்கார போமனைச் சொன்னான். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. நல்ல மனிதர், நுரை பொங்கத் தே தாரேக் டீ கொடுத்தார், வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பாராட்டினார். "இது தூரம் போற வண்டி, அபாங். ஜாமில நின்னா அதுக்குக் கோவம் வரும்," என்றார் மலாயில். எனக்கு மட்டும் வராதா? ஒரு பக்கத்தை மட்டும் திறந்து பார்த்துவிட்டு, விசிறியைக் கையாலேயே போட்டுக்கொள்ள ஒரு சுவிட்ச் வைத்துத் தருகிறேன் என்றார். வண்டியை அங்கேயே விட்டு வந்தேன். அந்த வாரம் பார்த்து மழை. ஆறு ஏறி ரோட்டை மூடிவிட்டார்கள். கொட்டகைக்குள் தண்ணீர் வரவில்லை, வண்டியை மேடையில் ஏற்றி வைத்திருக்கிறேன் என்று படம் எடுத்து அனுப்பினார். மழை விட்டுப் போய் எடுத்து வந்தேன். பாலத்தில் சுவிட்சைப் போட்டேன். கொஞ்ச தூரம் நன்றாக இருந்தது. அப்புறம் சுவிட்சிலிருந்தே புகை வந்தது.

வண்டி பட்டறையில் கிடந்த நாட்களில் நான் பழையபடி கப்சாய், அவள் பழையபடி பஸ். சாயங்காலம் வந்து பார்த்தால் சமையலறையில் ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். என் ஏமாற்றத்தைக் குறைக்கத்தான் இப்படி முகத்தை நன்றாக வைத்துக்கொள்கிறாள் என்று நினைத்து, எனக்கு அவள்மேல் பாசம் இன்னும் கூடியது. "போமன் என்ன சொன்னாரு?" என்று கேட்பாள். சொல்வேன். "அவசரம் இல்ல. நிதானமா பாக்கச் சொல்லுங்க," என்பாள். இப்படி ஒரு மனைவி யாருக்குக் கிடைப்பாள்!

வண்டி திரும்பி வந்த நாட்களில் மறுபடி ஏறுவாள். மறுபடி நான் பேசுவேன். மறுபடி நடுப்பாலத்தில் இறங்கித் தள்ளுவோம். ஒரு தடவை மழையில் தள்ளினோம். முழங்காலில் இன்ஜின் சூடு அடித்து அவளுடைய காற்சட்டைத் துணி ஒரு பக்கம் வெளுத்துப்போனது. வேறொருத்தியாக இருந்தால் அங்கேயே பாலத்தில் நின்று என்னை நாலு கேள்வி கேட்டிருப்பாள். இவள் கேட்கவில்லை. அதுவே என்னைக் கொன்றது. வண்டியை விற்றுத் தொலைத்துவிட்டு வேறு நல்லதாக ஒன்று பார்க்கலாமா என்றுகூட அவளிடம் கேட்டேன். "வேணாம், வேணாம்," என்றாள் பதறிக்கொண்டு. "இதையே சரி பண்ணுங்க."

ஒரு பொது விடுமுறையன்று எனக்குப் பொறுமை போய்விட்டது. உடைவதெல்லாம் உடையட்டும் என்று வீட்டு வாசலில் உட்கார்ந்து, அந்தப் பிளாஸ்டிக் தோலை முழுசாக உரித்துப் போட்டேன். கிளிப்புகள் பட்டாசுபோல் உடைந்தன. ஒவ்வொன்று உடையும்போதும் நான் சொன்ன வார்த்தைகளுக்கு மகள் ஜன்னலைச் சாத்தினாள். திருகாணிகளைப் போட்டுவைக்க மனைவி ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டு வந்து பக்கத்தில் குந்தினாள்.

கைப்பேசி வெளிச்சத்தில் ரேடியேட்டருக்குப் பின்னால் பார்த்தேன். விசிறியின் நடுவில் ஏதோ பழுப்பாகச் சுற்றியிருந்தது. எலி ஏதும் கூடு கட்டியதோ என்று நீள மூக்குக் குறடால் பிடித்து இழுத்தேன். வந்தது. இழுக்க இழுக்க வந்தது. காய்ந்த இதழ்கள் பொடியாக உதிர்ந்தன. அவள் அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"இது நான் கட்டுன மாலை," என்றாள்.

யாரைத் திட்டுவது? குருக்களையா, சாமியையா, நைலான் நூலையா? அவளுக்கோ சிரிப்பு பிடித்துக்கொண்டது. சிரித்து, அடக்க முடியாமல் படியில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோப்பி மெஷின் கடையும், கோத்தா திங்கி மழையும், பாலத்தில் கேட்ட ஹாரனும் வரிசையாக நினைவுக்கு வந்தன. அந்தக் கயிற்றை அவள் கையிலிருந்து பிடுங்கிக் குப்பைத்தொட்டியில் போட்டேன். பூஜைப் பூவைக் குப்பையில் போடக்கூடாது என்று அவள் எடுத்துச் செடிக்குப் போட்டாள். நூலை மட்டும் நான் தூக்கி எறிந்தேன்.

விசிறியின் மோட்டார் கருகியிருந்தது. பழைய சாமான் கடையில் ஒன்று தேடிப் பிடித்து மாட்டினேன். எல்லாவற்றையும் திரும்பப் பூட்டியபோது டின்னில் ஒரு திருகாணி மிச்சம் இருந்தது. அது எங்கே போகவேண்டியது என்று இன்றுவரைக்கும் தெரியாது, வண்டிக்கும் அதைப் பற்றிக் கவலை இல்லை.

மறுநாள் போனோம். சாவடிக்கு முன்னால் வழக்கமான தேக்கம். ஊசி ஏறியது. ஏறி, பாதியைத் தாண்டியதும் விசிறி கர்ரென்று ஓட ஆரம்பித்தது. ஊசி இறங்கியது. மறுபடி ஏறியது, மறுபடி விசிறி, மறுபடி இறங்கியது. ஹெல்மெட்டுக்குள் சத்தமாகக் கத்தினேன். அவள் "ஐயோ, காது," என்றாள். தொழிற்சாலை வாசலில் நேரத்துக்கு முன்பே அவளை இறக்கிவிட்டு, அவள் உள்ளே போகிறவரைக்கும் நின்று பார்த்தேன். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். அந்த வாரம் முழுக்க ஒரு நாள்கூட வண்டி முரண்டு பிடிக்கவில்லை. வாரம் முழுக்க நான் பேசினேன்.

சனிக்கிழமை மத்தியானம். அவள் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நின்று, வார இறுதியில் ஆயில் மாற்றப் போகிறேன் என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன்.

"திங்கக்கெழமையிலருந்து நான் பஸ்ல போறேங்க," என்றாள்.

"ஏன், இன்னும் சூடு அடிக்குதா?"

"இல்ல."

"சீட்டா?"

"சீட்டு நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் என்னா?"

கத்தியைக் கீழே வைத்தாள். "வண்டி கெட்டுக் கெடந்தப்பவே சொல்லியிருப்பேன். சொன்னா வண்டி மேல பழியப் போட்டுட்டு வேற வண்டி வாங்கிருவீங்க. அதான், மொதல்ல இது நல்லாவட்டும்னு இருந்தேன்."

எனக்குச் சட்டென்று கோபம் தலைக்கேறியது. "அந்தப் பஸ்ஸுல அப்படி என்னா இருக்கு?"

"ஒன்னும் இல்ல. அதுக்குத்தான் போறேன்."

"தூங்கறதுக்கா?"

"செல நாளு தூங்குவேன். செல நாளு சும்மா கண்ண மூடிக்கிட்டு இருப்பேன். ஏறுனதும் லைட்ட அணைச்சிருவாங்க. யாரும் பேச மாட்டாங்க. இங்க நீங்க, பிள்ளைங்க. அங்க போனா சூப்பர்வைசரு. அந்த ஒரு மணி நேரந்தான் யாரும் என்கிட்ட வந்து ஒன்னும் கேக்க மாட்டாங்க."

"நான் என்னா கேட்டேன்? சும்மா பேசிக்கிட்டுத்தானே வந்தேன்."

அவள் என்னைப் பார்த்தாள். கோபமில்லை, கிண்டலுமில்லை.

"ஆமா," என்றாள். "பேசிக்கிட்டே வந்தீங்க."

அப்புறம் அவள் பயற்றங்காயை நறுக்கப் போனாள். நான் வாசலுக்கு வந்து வண்டிப் பக்கத்தில் நின்றேன். அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாகக் கோபமாக இருந்தது. ஒரு பஸ்ஸைப் பார்த்துப் பொறாமைப்படுகிற ஆண் ஜொகூரில் வேறு எவனாவது இருக்கிறானா தெரியாது. அவள் சொன்னதில் எந்த இடத்திலாவது ஒரு தவறு கண்டுபிடித்துச் சண்டை போடலாம் என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. ஆயில் மாற்றினேன்.

திங்கட்கிழமை தனியாகப் போனேன். அவளுடைய பஸ் எனக்கு வெகு முன்பே போயிருந்தது. எடை குறைந்ததில் வண்டி இன்னும் லேசாக, சொன்ன பேச்சைக் கேட்டது. சாவடிக்கு முன்னால் எல்லாரும் நின்றோம். முன்னே ஒருவன் பின்னால் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் எதையோ சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான். ஊசி ஏறியது. விசிறி ஓடி அதை இறக்கியது. பிரேக் நன்றாகப் பிடித்தது, கிளட்ச் மெத்தென்றிருந்தது, எங்கேயும் ஒரு சத்தம் இல்லை. எதையாவது திட்டவேண்டும்போல் இருந்தது. திட்ட அந்த வண்டியில் ஒரு குறையும் மிச்சமில்லை.